வெளிநாட்டிலிருந்து வந்த போன்... உங்கள் சிம் அட்டையை ஏன் ஏற்க மறுக்கிறது?

அமெரிக்காவில் இருக்கும் அத்தை சிங்கப்பூர் வரும்போது, தாம் பயன்படுத்திய ஐபோன் 13-ஐ உங்களுக்கென்று கொண்டுவருகிறார். கீறல் இல்லை. பேட்டரியும் நன்றாக இருக்கிறது. ஆசையோடு உங்கள் சிம் அட்டையைப் போட்டுப் பார்க்கிறீர்கள். இந்த அட்டை செல்லாது என்கிறது திரை.

"போன் கெட்டுப்போச்சு போல!"

இல்லை. அது பூட்டியிருக்கிறது.

பூட்டு எங்கே இருக்கிறது?

ஒவ்வொரு சிம் அட்டையிலும் அது எந்த நாட்டின், எந்த நிறுவனத்தின் அட்டை என்று சொல்லும் எண் பதிந்திருக்கும். சிங்கப்பூருக்கு 525. அதற்குப் பிறகு 01 வந்தால் சிங்டெல், 03 என்றால் எம்1, 05 என்றால் ஸ்டார்ஹப். பூட்டப்பட்ட கைத்தொலைபேசி இந்த எண்ணைப் படித்துப் பார்க்கும். தன்னை விற்ற நிறுவனத்தின் எண்ணாக இல்லாவிட்டால் அட்டையை ஏற்காது. இ-சிம் போட்டுத் தப்பிக்கலாமா? முடியாது. பூட்டு அட்டையில் இல்லை, கைத்தொலைபேசியில் இருக்கிறது.

இதில் ஒரு சிக்கல். வைஃபை இருந்தால் யூடியூப் ஓடும், கேம் விளையாடலாம், கேமராவும் வேலை செய்யும். அழைப்பும் மொபைல் டேட்டாவும் மட்டுந்தான் வராது. பழைய போன் வாங்கப் போகும் இடத்தில் விற்பவர் வைஃபையில் போட்டுக் காட்டினால் எல்லாமே சரியாகத்தான் தெரியும். வீட்டுக்கு வந்த பிறகுதான் குட்டு வெளிப்படும்.

நமக்கு இது ஏன் தெரிவதில்லை?

சிங்கப்பூரில் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் விற்கும் கைத்தொலைபேசிகள் பூட்டில்லாமல்தான் வருகின்றன. 2008-இல் சிங்டெல் இங்கு முதன்முதலில் ஐபோன் விற்றபோதும் அப்படித்தான். ஈராண்டு ஒப்பந்தத்தில் வாங்கினாலும் அந்த ஒப்பந்தம் உங்களைத்தான் கட்டிப்போடுகிறது, போனை அல்ல. பாதியில் விலகினால் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். ஆனால் அதே போனில் வேறு நிறுவனத்தின் அட்டையைத் தாராளமாகப் போடலாம். ஜொகூர் பாரு போனதும் மலேசிய சிம் வாங்கிப் போடுகிறோமே, அது வேலை செய்வதும் இதனால்தான்.

பல நாடுகளில் நிலைமை வேறு. போனைக் குறைந்த விலைக்கோ தவணைக்கோ கொடுக்கும் நிறுவனம், வாடிக்கையாளர் போட்டியாளரிடம் போய்விடாமல் இருக்கப் பூட்டுப் போடுகிறது. கனடா, பூட்டிய போன்களை விற்பதற்கு 2017 டிசம்பரில் முற்றுப்புள்ளி வைத்தது. ஜப்பானும் பிரிட்டனும் 2021-இல் அதே வழியில் சென்றன. அமெரிக்காவில் இன்னமும் பூட்டு உண்டு. அங்கே 2013-இல், புதிதாக வாங்கிய போனை நிறுவனத்தின் அனுமதியின்றித் திறப்பதே சட்டவிரோதம் என்ற நிலை ஏற்பட்டது. காசு கொடுத்து வாங்கிய போனைத் திறப்பது குற்றமா என்று மக்கள் கொதித்தனர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெள்ளை மாளிகைக்கு மனுப் போட்டனர். 2014 ஆகஸ்ட்டில் அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் அந்தத் தடையை நீக்கியது.

யாரால் திறக்க முடியும்?

பூட்டிய நிறுவனத்தால்தான். இங்குள்ள சிங்டெலிடமோ ஸ்டார்ஹப்பிடமோ கேட்டுப் பயனில்லை. அத்தைதான் தம்முடைய அமெரிக்க நிறுவனத்திடம் கேட்க வேண்டும். தவணை பாக்கி இருக்கக்கூடாது. திருட்டுப் போன் என்று புகார் பதிவாகியிருக்கக்கூடாது. குறிப்பிட்ட நாள்கள் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்று சில நிறுவனங்கள் நிபந்தனை வைப்பதும் உண்டு.

ஐபோனைத் திறக்க ரகசிய எண் ஏதும் கிடையாது. நிறுவனம் ஆப்பிளுக்குத் தெரிவிக்கும், அங்கே பதிவு மாறியதும் போன் திறந்துகொள்ளும். ஆண்ட்ராய்டு போன்கள் சிலவற்றுக்கு எண் கொடுப்பார்கள். அதைக் குத்துமதிப்பாகப் போட்டுப் பார்க்காதீர்கள். பல முறை தவறினால் எண் போடும் வசதியே நிரந்தரமாக முடங்கிவிடலாம்.

"ஐஎம்இஐ நம்பரை அனுப்புங்க, அரை மணி நேரத்துல திறந்துடலாம்" என்று இணையத்தில் கூவி அழைப்பவர்களிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. பணம் போன பிறகு பதில் வராவிட்டால் யாரைத் தேடுவது? இன்னொரு வித்தையும் உண்டு. சிம் அட்டையோடு மெல்லிய சில்லு ஒன்றை ஒட்டி, போனை ஏமாற்றுவார்கள். அடுத்த மென்பொருள் புதுப்பிப்பில் ஏமாற்று வேலை நின்றுபோகலாம். "திறந்த போன்" என்று சொல்லி விற்றால் சிம் தட்டை வெளியே இழுத்து ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

காசு கொடுக்குமுன் என்ன பார்க்கலாம்?

ஐபோனில் 'செட்டிங்ஸ்', 'ஜெனரல்', 'அபவுட்' என்று போனால் 'கேரியர் லாக்' என்ற வரி இருக்கும். அதில் 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்றிருந்தால் பூட்டு இல்லை. எந்த போனாக இருந்தாலும் சொந்த சிம் அட்டையைப் போட்டு, வைஃபையை அணைத்துவிட்டு நண்பர் ஒருவரை அங்கேயே அழைத்துப் பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அழைத்துப் பார்ப்பதற்கு வேறு காரணமும் இருக்கிறது. சிங்கப்பூரில் 2ஜி சேவை 2017-இல் நின்றது, 3ஜி 2024-இல் நின்றது. இப்போது குரல் அழைப்பும் 4ஜி அல்லது 5ஜி வழியாகத்தான் போக வேண்டும். பூட்டே இல்லாத பழைய வெளிநாட்டுப் போன் அதற்கு ஒத்துவராவிட்டால், டேட்டா வரும், அழைப்பு வராது. அவசரத்துக்கு 995-ஐ அழைக்க வேண்டிய போன் என்றால் அது சின்ன விஷயமில்லை.

அத்தை கொண்டுவருவது ஐபோன் 14 என்றால்? அமெரிக்காவில் விற்கப்படும் ஐபோன் 14-இல் சிம் அட்டைத் தட்டே கிடையாது. உங்கள் நிறுவனம் இ-சிம் தருகிறதா என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

அத்தை விமானம் ஏறுமுன் ஒரு தடவை பேசிவிடுங்கள். தவணை முடிந்ததா, திறக்கச் சொல்லி விண்ணப்பித்தாரா என்று கேளுங்கள். போனிலிருந்து தமது ஆப்பிள் கணக்கையும் நீக்கிவிடச் சொல்லுங்கள். அது வேறொரு பூட்டு. அதைத் திறக்க அத்தையின் கடவுச்சொல் வேண்டும்.