கேட்டுப் பிடித்த படம்



பெம்பான் பக்கத்தில் என்னிடம் ஆறாம் ஆண்டு வரை படித்த பிள்ளைகள் சிலர் இப்போது இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவத்தில் இருக்கிறார்கள். அண்மையில் அறிவியல் கண்காட்சி ஒன்றுக்காகப் படங்கள் எடுத்தார்கள். பால்மரம் வெட்டி ஓய்ந்த ஒரு பாட்டியின் வெடித்த பாதங்களைக் கைத்தொலைபேசியில் பிடித்து, பெரிதாக அச்சிட்டு, அதன் கீழ் ஒரு தோல்நோயின் பெயரையும் எழுதி வைத்தார்கள். படம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் அதைப் பார்த்த பாட்டி என்னிடம், "வாத்தியாரய்யா, என் காலைப் படம் பிடிக்க யாரைக் கேட்டாங்க?" என்றார்.

இந்தக் கேள்விக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது.

புகைப்படக் கலை 1839ஆம் ஆண்டு பாரிசில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஓவியரின் கை தவறலாம், கருவி தவறாது என்று அறிஞர்கள் நம்பினார்கள். நிலவையும் செடிகொடிகளையும் படம் பிடித்தவர்கள், பிறகு மனிதரிடம் வந்தார்கள். 1869இல் இங்கிலாந்து நாட்டு அறிஞர் தாமஸ் ஹக்ஸ்லி, காலனி நாட்டு மக்களை ஆடையின்றி அளவுகோலின் அருகே நிறுத்திப் படம் எடுக்க வேண்டும் என்று திட்டம் வகுத்தார்.

நம் தமிழகத்திலும் இது நடந்தது. 1885 முதல் 1908 வரை சென்னை அரசு அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். புகைப்படக் கருவியோடும், மூக்கையும் மண்டையையும் அளக்கும் கருவிகளோடும் ஊர் ஊராகச் சென்றார். கே. ரங்காச்சாரி அவருக்குத் துணை. 1909இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளிவந்தன. அதே காலத்தில்தான் நம் முன்னோரில் பலர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

அளக்கப்பட்டவர்கள் என்ன நினைத்தார்கள்? தர்ஸ்டனே எழுதி வைத்திருக்கிறார். வயநாட்டுப் பணியர் குலப் பெண்கள் அவரைக் கண்டதும் ஓடினார்களாம். தங்களில் நல்ல உடற்கட்டு உள்ளவர்களைப் பஞ்சடைத்து அருங்காட்சியகத்தில் வைத்துவிடுவார் என்று அஞ்சினார்களாம். நீலகிரியில் ஓர் இருளர், உயரம் அளக்கும் கம்பத்தைத் தூக்குமரம் என்று எண்ணி நிற்க மறுத்தாராம். இவை வேடிக்கைக் கதைகளாகவே நூலில் இடம்பெற்றன. அந்த அச்சத்தின் காரணத்தை அவர்களிடம் யாரும் உட்கார்ந்து கேட்டதாகத் தெரியவில்லை.

நேயர்களே, அந்தத் தொகுதிகளைப் பயனற்றவை என்று தள்ளிவிட முடியாது. பழைய தொழில்களையும் சடங்குகளையும் அறிய இன்றும் ஆய்வாளர்கள் அவற்றைப் புரட்டுகிறார்கள். ஆனால் மூக்கின் அளவை வைத்து மனிதரைத் தரம் பிரித்த கொள்கை நிலைக்கவில்லை. அமெரிக்காவில் குடியேறியவர்களின் பிள்ளைகளை ஆராய்ந்த பிரான்ஸ் போவாஸ், இடமும் வாழ்க்கையும் மாறினால் மண்டை அளவும் மாறக்கூடும் என்று 1912இல் எழுதினார். இரண்டாம் உலகப் போரில் கைதிகள்மீது கொடிய சோதனைகள் நடத்திய ஜெர்மானிய மருத்துவர்களை விசாரித்த நியூரம்பெர்க் நீதிமன்றம், 1947இல் ஒரு நெறியை முன்வைத்தது. சோதனைக்கு உட்படுபவர் மனமுவந்து இசைய வேண்டும் என்பதே அதன் முதல் விதி.

மீண்டும் நம் பாட்டிக்கு வருவோம். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். "இது நோயின்னு எந்த டாக்டர் சொன்னாரு?" என்றார் பாட்டி. பிள்ளைகள் விழித்தார்கள். படத்தைப் பார்த்து அவர்களாகவே எழுதிய பெயர் அது. விடியுமுன் பனியில் நனைந்த புல்லில் நடந்ததையும், பால் உறைய வைக்கும் அமிலம் காலில் பட்டதையும், காலணிக்குக் காசில்லாத ஆண்டுகளையும் பாட்டி பொறுமையாகச் சொன்னார். கேட்காமல் எடுத்த படத்தில் இதில் ஒன்றுகூட இல்லை.

"படம் இருக்கட்டும். நோய்ப் பேரை எடுத்துட்டு என் பேரைப் போடுங்க" என்றார் முடிவில். அப்படியே செய்தார்கள்.

பெற்றோர்களே, இன்று நம் பிள்ளைகள் கையில் கருவி இருக்கிறது. எடுக்கலாமா, எதற்காக எடுக்கிறோம், யார் பார்ப்பார்கள் என்று முதலில் சொல்லிக் கேட்கப் பழக்குங்கள். வேண்டாம் என்றால் கருவியைக் கீழே இறக்கவும் பழக்குங்கள்.