கலப்பற்ற மண் உண்டா?
ஆனைமலையும் ‘அசல் கொங்கு’ என்னும் கருத்தும்

கொங்குப் பண்பாடு என்றவுடன் மனக்கண்ணில் ஒரு காட்சி விரிகிறது: தென்னந்தோப்பு, காங்கேயம் காளை, ஓட்டு வீடு, ‘ஏனுங்க’ என்று மரியாதை குழையும் பேச்சு. வெளியுலகின் கலப்பின்றிக் காலங்காலமாக மாறாதிருக்கும் வாழ்வு அது என்பது பொதுவான நம்பிக்கை. பிறந்த மண்மீதுள்ள பற்று எவருக்கும் இயல்பே. ஆயினும் ‘எது அசல்?’ என்று வரையறுக்கத் தொடங்கும்போதே ‘யார் அசல்?’ என்ற வினாவும் உடன் பிறந்துவிடுகிறது. ஆதலின் அந்த வரையறையை வரலாற்றின் உரைகல்லில் உரசிப் பார்ப்பது அவசியமாகிறது. அதற்கு ஆனைமலை பொருத்தமான ஊர்.

வழியில் அமைந்த ஊர்

திப்பு சுல்தான் ஷஹீதான 1799க்கு அடுத்த ஆண்டு, கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் பிரான்சிஸ் புக்கானன் இப்பகுதி வழியே பயணம் செய்தார். ஆனைமலையை 400 வீடுகள் கொண்ட ஊராகவும், மலபாருக்கும் கிழக்கிலுள்ள தமிழ்ச் சீமைக்கும் இடையே மக்கள் போய்வரும் பெருவழியாகவும் அவர் குறித்தார். பொள்ளாச்சியில் கிடைத்த புதையலிலிருந்து ரோமானிய வெள்ளிக்காசுகள் சில அவர் கைக்கு வந்தன. அவை அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய பேரரசர்களின் காசுகள். பாலக்காட்டுக் கணவாயின் வாயிலில் அமைந்த இந்நிலம், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உலக வணிகத்தோடு உறவாடிய நிலம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

அந்த வழியில் காசு மட்டுமா வந்தது? பொருளும் படையும் பயிரும் வந்தன. குதிரைவீரர் என்னும் பொருளுடைய பெயரைத் தாங்கி, தமிழையே தாய்மொழியாகக் கொண்ட ராவுத்தர்கள் பொள்ளாச்சி, உடுமலை, பாலக்காடு வட்டாரங்களில் வேரூன்றியவர்கள். மலைமேல் காடர், மலசர், முதுவர், புலையர் ஆகிய மக்கள் வாழ்கின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வால்பாறைக் காடுகள் தோட்டங்களாக மாறத் தொடங்கியபோது, வெளி மாவட்டங்களின் ஏழை உழைப்பாளர்கள் மலையேறினர். ‘அசல் கொங்கு’ என்ற சித்திரத்தில் இவர்களுள் எத்தனை பேருக்கு இடமிருக்கிறது?

சித்திரத்தின் வயது

அந்தச் சித்திரத்தின் பொருள்களும் நாம் எண்ணுமளவு பழையவை அல்ல. ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் முறையிட வருவோர் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுகின்றனர். இவ்வூரின் தனித்தன்மையாகவே கருதப்படும் வழக்கம் இது. ஆனால் மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துக்கீசியர் வருகைக்குப் பின்னரே இந்தியா அறிந்தது. நிலக்கடலையும் தக்காளியும் மக்காச்சோளமும் அக்கண்டத்தில் பிறந்தவையே. பொள்ளாச்சியின் அடையாளமான தென்னந்தோப்புகள் இந்த அளவுக்குப் பரந்ததும் பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனம் வந்த பின்னரே. தென் மாவட்ட வாழ்வைக் கூறிய ‘தேவர் மகன்’ (1992) படமாக்கப்பட்டதும் பொள்ளாச்சிப் பகுதியில்தான். ஒரு வட்டாரத்தின் வயலும் வீடும் மற்றொரு வட்டாரத்தின் ‘மண்வாசனை’யாகத் திரையில் நின்றன, காண்போர் அதில் குறை காணவில்லை.

கொங்குப் பேச்சை நாவலுக்குள் கொணர்ந்த முன்னோடி ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ (1942). அது கிராமத்தைச் சொர்க்கமாகக் காட்டவில்லை. கைம்பெண் ஒருத்தி நிலத்தில் பங்கு கேட்பதையும், அது கொலையில் முடிவதையும் காட்டியது. மண்ணை உண்மையாக அறிந்தவர் அதன் பிணக்குகளையும் மறைப்பதில்லை.

பிரான்சு தரும் பாடம்

கலப்பற்ற கிராமத்தைத் தேடும் இவ்வேட்கை நமக்கு மட்டும் உரியதன்று. பிரான்சின் தென்பகுதியான புரோவான்சில், தேய்ந்துவரும் தாய்மொழியைக் காக்கக் கவிஞர் பிரெடெரிக் மிஸ்த்ரால் 1854இல் தோழர்களுடன் ஓர் இயக்கம் கண்டார். ஆர்ல் நகரில் நாட்டுப்புறப் பொருள்களுக்கு அருங்காட்சியகம் அமைத்தார். 1904இல் பெற்ற நோபல் பரிசுத் தொகையை அதன் விரிவாக்கத்துக்குச் செலவிட்டார். உயர்ந்த பணிதான். ஆயினும் இன்று புரோவான்சின் மரபுத்துணி என்று போற்றப்படும் பூ அச்சுப் பருத்தியின் மூலம் எது? மார்செய் துறைமுகம் வழியே சென்ற இந்தியத் துணி! அதன் பழைய பெயரே ‘இந்தியன்’ என்பதுதான். உள்நாட்டு நெசவுக்கு ஊறு என்று 1686 முதல் 1759 வரை பிரான்சு அதனைத் தடை செய்திருந்தது. அன்று தடுக்கப்பட்ட அந்நியப் பொருளே பின்னர் அசலின் சின்னமாயிற்று.

இக்கருத்தின் இருண்ட பக்கம் 1940இல் வெளிப்பட்டது. ஜெர்மனியிடம் தோற்றபின் அமைந்த பெத்தேனின் விஷி அரசு, மண்ணையும் உழவரையும் கிராமத்து வழக்கங்களையும் நாட்டின் உயிர்நாடி எனப் புகழ்ந்தது. அதே ஆண்டு அக்டோபரில் யூதர்களை அரசுப் பணிகளிலிருந்து விலக்கும் சட்டத்தையும் பிறப்பித்தது. தலைமுறைகளாக அங்கேயே வாழ்ந்தவர்கள் ஒரே ஆணையில் அந்நியராயினர். மண்ணைப் போற்றிய குரலும் மனிதரை விலக்கிய குரலும் ஒன்றே.

வட்டாரப் பண்பாட்டைப் பேணுவது தீங்கு என்பது இதன் பொருளன்று. மொழியும் வழக்கும் அழியாமல் காக்கப்பட வேண்டியவையே. கொங்குத் தமிழின் இனிமை அதைப் பேசும் அனைவருக்கும் பொதுச்சொத்து. ஆனால் காப்பவர் வாயிற்காவலராக மாறிவிடலாகாது. ஆனைமலையின் பெருமை அது எவரையும் தள்ளி வைத்ததில் இல்லை. வந்த காசையும் பயிரையும் மனிதரையும் தனதாக்கிக்கொண்டதில் இருக்கிறது. அந்த வரலாற்றை எழுதும்போது அசல் என்ற சொல்லுக்கு நியாயமான பொருள் ஒன்றே எஞ்சும்: இம்மண்ணில் உழைத்து, வாழ்ந்து, இதன் மொழியில் தம் சுகதுக்கங்களைச் சொல்லிய அனைவரும் இதன் அசல் மக்களே.