நடுக்குவாதமும் தன்னியக்க நரம்பு மண்டலமும்

பார்க்கின்சன் நோய் எனப்படும் நடுக்குவாதத்தைக் கை நடுக்கத்தை வைத்தே ஊரார் அடையாளம் காண்கிறார்கள். ஆனால் நோயாளி தரையில் விழப் பல சமயம் காரணமாவது, எழுந்து நின்றதும் சரியும் ரத்த அழுத்தம். இதயத்துடிப்பு, ரத்தக்குழாயின் இறுக்கம், குடலசைவு, வியர்வை, சிறுநீர்ப்பை ஆகியவற்றை நாம் நினைக்காமலே நடத்திச்செல்லும் தன்னியக்க நரம்புகளையும் இந்நோய் அரிக்கிறது. 1817-இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் எழுதிய முதல் விவரிப்பிலேயே மலச்சிக்கலும் எச்சில் ஒழுகுதலும் உண்டு. பின்வந்தவர்கள் நடுக்கத்தின் மீதே கண்ணாக இருந்ததால் அவை நெடுங்காலம் துணைக்குறிகளாகவே எண்ணப்பட்டன.

படுத்திருப்பவர் எழும்போது அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் கால்களுக்கும் வயிற்றுப் பகுதிக்கும் இறங்குகிறது. கழுத்துத் தமனியில் உள்ள அழுத்த உணரிகள் அதை உடனே மூளைத்தண்டுக்குத் தெரிவிக்க, தன்னியக்க நரம்புகளின் ஒரு பிரிவான பரிவு நரம்புகள் நார்அட்ரீனலினைச் சுரந்து குழாய்களை இறுக்குகின்றன; இதயமும் வேகம் கூட்டுகிறது. நடுக்குவாதத்தில் ஆல்ஃபா-சைனூக்ளின் என்னும் புரதம் நரம்புகளுக்குள் திரண்டு படிவதால் இந்தப் பரிவு நரம்பு நுனிகள் பட்டுப்போகின்றன. நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20, அல்லது கீழ் அழுத்தம் 10 புள்ளி குறைந்தால் அது நிலைமாற்றத் தாழ்அழுத்தம். நடுக்குவாத நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது உண்டு. அவர்கள் சொல்லும் கிறுகிறுப்பும் கண் இருட்டலும் பெரும்பாலும் இதனால்தான்.

முதுமையில் யாருக்கும் தலை சுற்றும், மலச்சிக்கல் வரும், மாத்திரையாலும் அழுத்தம் குறையும் என்பது நியாயமான மறுப்பு. நடுக்குவாதத்துக்குத் தரும் லெவோடோபா மருந்து அழுத்தத்தைக் குறைக்கக்கூடியது என்பதும் மெய். ஆனால் மருந்தே தொடங்காதவர்களிடமும் இதயத்தின் பரிவு நரம்புகள் குறைந்திருப்பதைக் கதிரியக்கப் படங்கள் காட்டுகின்றன. ஹவாயின் ஹொனலுலு ஆய்வில், நாள்தோறும் மலம் கழிக்காத ஆண்களுக்குப் பிற்காலத்தில் நடுக்குவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரு மடங்குக்கும் மேல் இருந்தது. நடுக்கத்துக்குப் பல ஆண்டு முன்பே குடல் தடுமாறும் என்றால், முதுமையையும் மாத்திரையையும் மட்டும் காரணம் சொல்லிவிட முடியாது.

விருதுநகர் மாவட்டத்தில் சூலக்கரை முதல் சிவகாசி வரையிலான கரிசல் பகுதியில் இந்தச் சிக்கலுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. வெயில் தோலின் ரத்தக்குழாய்களை விரிக்கிறது, வியர்வை உடல்நீரைக் குறைக்கிறது. நரம்பு பழுதானவருக்கு இரண்டையும் ஈடுகட்டும் வழியில்லை. சர்க்கரை நோயும் இதே நரம்புகளைக் கெடுக்கும். 2023-இல் வெளியான தேசிய ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 14.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் பிரஷர் பார்க்கும் கருவி வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இயங்குகிறது. ஆனால் உட்காரவைத்து ஒரே ஒருமுறை அளந்தால், நின்றதும் அழுத்தம் சரியும் இந்தக் கோளாறு கண்ணில் படாது. படுக்கும்போது அழுத்தம் ஏறி, நிற்கும்போது சரிவது இந்தக் கோளாறில் அடிக்கடி காணப்படுவது. அந்த ஒற்றை அளவை நம்பி பிரஷர் மாத்திரையைக் கூட்டினால் விழும் ஆபத்து கூடிவிடும்.

கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில் இரண்டு முறை அளக்க நேரமேது என்று கேட்கலாம். எல்லோருக்கும் அளக்க வேண்டியதில்லை. நடுக்கமோ நடைத்தளர்ச்சியோ உள்ளவர், நெடுநாள் சர்க்கரை நோயாளி, அடிக்கடி விழுபவர் ஆகியோரை ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒருமுறையும், நின்றபின் மூன்றாம் நிமிடத்தில் ஒருமுறையும் அளந்தால் போதும். இடுப்பெலும்பு முறிந்து வந்தவருக்கு ஆகும் நேரத்தோடு பார்த்தால் இது மிகச் சிறிது. கோளாறு தெரிந்தால் முதலில் மாத்திரைப் பட்டியலைச் சரிபார்க்க வேண்டும். பிறகு மெதுவாக எழுதல், போதிய தண்ணீர், தலைமாட்டை உயர்த்திய படுக்கை, இதயமும் சிறுநீரகமும் இடம்கொடுத்தால் சற்றுக் கூடுதல் உப்பு. அதற்கும் அடங்காதவருக்கே மிடோட்ரின் போன்ற மருந்து.