சீர்காழிக் குளக்கரையும் மூளையின் மின்சாரமும்

சிதம்பரம் ரயில் பாதைக்குக் கிழக்கே அண்ணாமலை நகர். 1929-ல் தொடங்கிய பல்கலைக்கழகமும் ஒரு மருத்துவக் கல்லூரியும் அங்கே. மேற்கே நடராசர் கோயில். அங்கே திரையை விலக்கிக் காட்டும்போது சிலை எதுவும் இருக்காது. வெறும் வெளியும், தொங்கும் பொன் வில்வ மாலையும்தான். சிதம்பர ரகசியம் என்று சொல்வது அதைத்தான்.

அங்கிருந்து தெற்கே சுமார் 20 கிலோமீட்டர் போனால் சீர்காழி. ஏழாம் நூற்றாண்டில், கோயில் குளக்கரையில் பசித்து அழுத மூன்று வயதுக் குழந்தைக்கு அம்மையப்பர் காட்சி தந்ததாகவும், பால் உண்ட குழந்தை பாடத் தொடங்கியதாகவும் சைவ மரபு சொல்கிறது. அந்தக் குழந்தைதான் திருஞானசம்பந்தர்.

அதே சீர்காழியில் 1922 ஜனவரி 30 அன்று இன்னொரு குழந்தை பிறந்தது. பெயர் ராமமூர்த்தி. பின்னாளில் சென்னையில் மூளை அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கி வைத்த டாக்டர் பி. ராமமூர்த்தி இவர்தான்!

ஓர் ஊர், இரண்டு பெயர்கள். ஒருவர் காட்சி கண்டவர் என்று போற்றப்படுகிறார். மற்றவர் காட்சி காணும் உறுப்பையே திறந்து பார்த்தவர். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பழைய கேள்வி நிற்கிறது. மூளையில் ஓர் இடத்தை மின்சாரத்தால் தொட்டால் தெய்வ அனுபவம் வருமா? வந்தால், நம்பிக்கையின் கதி என்ன?

பென்ஃபீல்டின் ஊசி

கதை கனடாவில் தொடங்குகிறது. 1934-ல் மாண்ட்ரியல் நகரில் நரம்பியல் கழகம் ஒன்றை நிறுவியவர் வைல்டர் பென்ஃபீல்ட். வலிப்பு நோய்க்கு அவர் அறுவை சிகிச்சை செய்த விதம் வித்தியாசமானது. நோயாளி விழித்துக்கொண்டே இருப்பார்! மூளைக்கு வலி தெரியாது. ஆகவே தலைத்தோலை மட்டும் மரத்துப்போகச் செய்தால் போதும். பிறகு மெல்லிய மின்முனையால் மூளையின் பரப்பை அங்கங்கே தொட்டு, "என்ன தெரிகிறது?" என்று கேட்பார். எதை வெட்டலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த ஏற்பாடு.

ஓரிடத்தைத் தொட்டால் கை அசைந்தது. இன்னோரிடத்தைத் தொட்டால் கண்ணில் ஒளி மின்னியது. காதுக்கு மேலே இருக்கும் டெம்போரல் பகுதியைத் தொட்டபோது சிலருக்குப் பழைய பாட்டு கேட்டது, எப்போதோ பழகிய குரல் கேட்டது. 1963-ல் அவரும் பெரோ என்பவரும் வெளியிட்ட கணக்கின்படி, டெம்போரல் பகுதியைத் தூண்டிப் பார்த்த 520 பேரில் 40 பேருக்குத்தான் இப்படி நடந்தது. இது பலருக்கும் தெரியாத விஷயம். "மூளையைத் தொட்டால் நினைவு வரும்" என்று பொதுவாகச் சொல்கிறார்கள். உண்மையில் நூற்றுக்கு எட்டுப் பேருக்குக்கூட வரவில்லை.

அதைவிட முக்கியமானது, பென்ஃபீல்ட் 1975-ல் தன் கடைசிக் காலத்தில் எழுதியது. மின்முனையால் கையைத் தூக்க வைக்கலாம். ஆனால் நோயாளி, "நான் தூக்கவில்லை, நீங்கள்தான் தூக்கினீர்கள்" என்பார். எந்த இடத்தைத் தொட்டாலும் ஒருவரை ஒன்றை நம்ப வைக்கவோ முடிவெடுக்க வைக்கவோ முடியவில்லை. மனம் என்பதை மூளையை மட்டும் கொண்டு விளக்கிவிட முடியுமா என்ற சந்தேகத்தோடுதான் அவர் முடித்தார். இன்றைய விஞ்ஞானிகளில் பலர் இதை ஏற்பதில்லை. ஆனாலும் மின்முனையைக் கையில் பிடித்தவரே சொன்ன சந்தேகம் என்பதால் இதைத் தள்ளிவிடவும் முடியாது.

மாண்ட்ரியலிலிருந்து வேலூருக்கு

பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்றவர்களில் ஒருவர் கேரளத்தைச் சேர்ந்த டாக்டர் ஜேக்கப் சாண்டி. 1949-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே, 1950-ல், இங்கிலாந்தில் பயிற்சி முடித்துத் திரும்பிய ராமமூர்த்தி சென்னை அரசு பொது மருத்துவமனையில் தன் துறையைத் தொடங்கினார். 1951-ல் சாண்டி, ராமமூர்த்தி, சென்னையின் எஸ்.டி. நரசிம்மன், அப்போது வேலூரில் இருந்த பல்தேவ் சிங் ஆகிய நால்வர் சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தை உருவாக்கினார்கள். நான்கே பேர்! இன்று நாடு முழுக்க விரிந்திருக்கும் துறையின் வேர் தமிழ்நாட்டில் இப்படித்தான் ஊன்றப்பட்டது.

1960-களில் சென்னைக் குழு ஒரு படி மேலே போனது. ராமமூர்த்தியுடன் டாக்டர் வி. பாலசுப்பிரமணியமும், ஆசியாவின் முதல் பெண் மூளை அறுவை நிபுணர்களில் ஒருவரான டாக்டர் டி.எஸ். கனகாவும் இருந்தார்கள். தலையில் ஒரு சட்டத்தைப் பொருத்தி, கணக்குப் போட்டு, மண்டையில் சிறு துளை வழியாக மூளையின் ஆழத்தில் குறிப்பிட்ட ஒரு புள்ளியை எட்டும் முறை அது. அடக்க முடியாத ஆவேசம், தன்னையே காயப்படுத்திக் கொள்ளுதல் போன்ற நிலையில் இருந்தவர்களுக்கு, பாதாம்பருப்பு வடிவிலுள்ள அமிக்டலாவிலும் ஹைப்போதலாமஸிலும் சிறு பகுதியைச் செயலிழக்கச் செய்தார்கள். இதற்கு அவர்கள் வைத்த பெயரின் பொருள் "அமைதிப்படுத்தும் நரம்பு அறுவை".

கோபம் என்பது குணம், கர்ம வினை, சாபம் என்றெல்லாம் சொல்லி வந்த ஊரில், அது மூளையில் ஒரு புள்ளியாகவும் இருக்கலாம் என்று காட்டிய முயற்சி இது. அதே நேரம் கடுமையான கேள்விகளையும் எழுப்பியது. சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாத ஒருவரின் மனநிலையை மாற்ற யாருக்கு உரிமை? உலகம் முழுக்க இந்த விவாதம் நடந்தது. மருந்துகள் முன்னேறியதும் இத்தகைய சிகிச்சை மிகவும் குறைந்துவிட்டது.

யோகிகளின் தலையில் கம்பிகள்

நால்வரில் ஒருவரான பல்தேவ் சிங் பின்னர் டில்லி எய்ம்ஸ் சென்றார். அங்கே பி.கே. ஆனந்த், சின்னா ஆகியோருடன் சேர்ந்து 1961-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மூளைக்குள் மின்சாரம் செலுத்துவதற்குப் பதிலாக, யோகிகளின் மூளையிலிருந்து வரும் மின்சாரத்தை ஈ.ஈ.ஜி. கருவியால் பதிவு செய்தார்கள்.

சாதாரணமாக, கண்ணை மூடி ஓய்வாக இருக்கும்போது வரும் ஆல்ஃபா அலை, பெரிய சத்தம் கேட்டால் கலைந்துவிடும். ஆனால் சமாதி நிலையில் இருந்த நான்கு யோகிகளுக்குப் பலத்த ஒளி, சத்தம், சூடான கண்ணாடிக் குழாயின் தொடுகை எதுவும் அந்த அலையைக் கலைக்கவில்லை. வேறு இரண்டு யோகிகள் 4 டிகிரி குளிர்ந்த நீரில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் கை வைத்திருந்தபோதும் அதே நிலை.

இது எதைக் காட்டுகிறது? பயிற்சியால் மூளை வெளி உலகத்தை ஓரளவு வாசலிலேயே நிறுத்த முடியும் என்பதை. யோகி உள்ளே கண்டது பரம்பொருளா என்பதைக் காட்டவில்லை. கருவிக்கு அந்தக் கேள்வி புரியாது.

ராமச்சந்திரனும் "கடவுள் புள்ளி"யும்

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜ் சென்று, கலிஃபோர்னியாவில் பணியாற்றியவர் வி.எஸ். ராமச்சந்திரன். 1997-ல் அவர் குழு ஒரு சோதனையைப் பற்றிச் சொன்னது. டெம்போரல் வலிப்பு உள்ளவர்களில் சிலர் வலிப்பின்போது கடவுளை நேரில் உணர்ந்ததாகச் சொல்வதுண்டு. அப்படிப்பட்ட இரண்டு பேரின் தோலில் ஏற்படும் மின்தடை மாற்றத்தை அளந்தார்கள். சாதாரணச் சொற்கள், காமச் சொற்கள், வன்முறைச் சொற்கள், மதச் சொற்கள் ஒவ்வொன்றாகக் காட்டப்பட்டன. பொதுவாக எல்லோரையும் உலுக்குவது காமச் சொற்கள். இவர்களை உலுக்கியது மதச் சொற்கள்!

பத்திரிகைகள் "மூளையில் கடவுள் புள்ளி" என்று எழுதித் தள்ளின. ஆனால் சோதிக்கப்பட்டவர்கள் இரண்டே பேர். இதை வைத்துக் கடவுள் உண்டு என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது என்று ராமச்சந்திரனே எழுதினார்.

தலைக்கவசம் சொன்ன பாடம்

இதே காலத்தில் கனடாவின் மைக்கேல் பெர்சிங்கர் ஒரு தலைக்கவசம் செய்தார். அதில் மிக மெல்லிய காந்தப் புலம் வரும். அணிந்தவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் பக்கத்தில் யாரோ இருப்பது போல உணர்ந்தார்கள் என்றார். உலகப் புகழ் பெற்றது. நாத்திகர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் 2003-ல் அணிந்து பார்த்தார். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

அடுத்து சுவீடனில் கிராங்க்விஸ்ட் குழு 89 பேரை வைத்துச் சோதித்தது. எந்தக் கவசத்தில் காந்தம் ஓடுகிறது என்று அணிபவருக்கும் தெரியாது, சோதிப்பவருக்கும் தெரியாது. 2005-ல் முடிவு வெளியானது. காந்தம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வித்தியாசம் இல்லை! யார் எளிதில் எதையும் ஏற்கும் மனம் கொண்டவரோ அவருக்கு அனுபவம் வந்தது. அந்தக் காந்தமும் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டும் காந்தத்தைவிடப் பல ஆயிரம் மடங்கு மெலிந்தது.

ஆனால் எல்லாமே கற்பனை என்று முடித்துவிடவும் கூடாது. 2002-ல் ஜெனீவாவில் ஓலாஃப் பிளாங்கே குழு, வலிப்பு நோயுள்ள ஒரு பெண்ணின் மூளையில் வலப்பக்கம் ஓரிடத்தை மின்முனையால் தூண்டியபோது, அவர் தன் உடலை மேலிருந்து பார்ப்பதாகச் சொன்னார். 2006-ல் இன்னொரு பெண்ணுக்கு இடப்பக்கம் தூண்டியபோது, பின்னால் ஒரு நிழல் மனிதன் இருப்பதாகத் தோன்றியது. மின்சாரம் நின்றதும் நிழலும் மறைந்தது.

அவசரப்படும் இரு தரப்பு

பகுத்தறிவு பேசுபவர், "பார்த்தீர்களா, கடவுள் வெறும் மின்சாரம்!" என்கிறார். பக்தர், "பார்த்தீர்களா, கடவுளைக் காண மூளையிலேயே இடம் வைத்திருக்கிறார்!" என்கிறார். இரண்டு முடிவுமே ஆய்விலிருந்து வரவில்லை. பார்வைப் பகுதியைத் தூண்டினால் ஒளி தெரிகிறது. அதனால் சூரியன் பொய்யாகிவிடுமா? ஆகாது. அதே சமயம், சூரியன் இல்லாமலும் ஒளி தெரியும் என்பது நிரூபணமாகிறதல்லவா? ஆகவே "நான் கண்டேன், அதனால் உண்மை" என்ற ஒற்றைச் சாட்சி மட்டும் போதாது. சூரியனுக்கு வேறு சாட்சிகள் உண்டு, ஊரே பார்க்கிறது. தனி ஒருவரின் காட்சிக்கு அந்த வசதி இல்லை. நம்பிக்கை நிற்க வேண்டுமானால் வேறு காலில் நிற்க வேண்டும்: அது மனிதரை என்னவாக ஆக்குகிறது என்ற காலில்.

இது வெறும் பட்டிமன்றத் தலைப்பு அல்ல. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் நடத்திய காப்பகம் ஒன்றில் சங்கிலியால் கட்டி வைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தார்கள். தர்காவின் அருளால் குணமாகும் என்று நம்பி உறவினர்கள் அழைத்து வந்தவர்கள். அவர்களைக் கொன்றது பிரார்த்தனை அல்ல, சங்கிலி. ஆனால் மூளையின் நோயைப் பேய் என்று நினைத்ததால்தான் மருத்துவரைத் தேடாமல் சங்கிலியைத் தேடினார்கள்.

இன்றும் வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கிறார்கள். சாமி வந்துவிட்டது என்று கற்பூரம் ஏற்றுகிறார்கள். வேலூரும் சென்னையும் 75 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிய வேலை இன்னும் பல வீடுகளுக்குள் நுழையவில்லை. சாவியால் வலிப்பு நிற்காது. பெரும்பாலான வலிப்புகள் சில நிமிடங்களில் தானாக நிற்கும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், ஐந்து நிமிடம் தாண்டினால் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். ஒழுங்காக மருந்து எடுத்தால் பத்தில் ஏழு பேர் வலிப்பின்றி வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ராமமூர்த்தி 2003 டிசம்பரில் மறைந்தார். ஆயிரக்கணக்கான மூளைகளைத் திறந்த அவர், பிற்காலத்தில் யோகம், உணர்வுநிலை ஆகியவற்றிலும் ஆர்வம் காட்டினார். சீர்காழிக்காரருக்கு அது முரணாகத் தெரியவில்லை போலும். கோயிலுக்குப் போகிறவர் போகட்டும். போகாதவர் இருக்கட்டும். வலிப்பு வந்த பிள்ளையை மட்டும் முதலில் மருத்துவரிடம் கொண்டு போகட்டும்.