தோல் தையற்பொறியும் நம் மக்களும்

சேலம், நாமக்கல் சமவெளியில் தோல் தொழிலின் வரலாறு உழவோடு பிணைந்த வரலாறாகும். கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலம் முதலாகக் காவிரிக் கரை வரையுள்ள ஊர்களில், கிணற்றுப் பாசனமே மேட்டு நிலத்துக்கு உயிராக விளங்கிய காலம் ஒன்றிருந்தது. அன்று கவலை இறைத்த சாலுக்குத் தோல் வால் தைத்தவரும், ஏருக்கும் வண்டிக்கும் வார் அறுத்தவரும், உழவர் காலுக்குச் செருப்புத் தைத்தவரும் அருந்ததியராகிய நம் முன்னோரே ஆவர். குத்தூசியும் கத்தியுமே அவர்தம் கருவிகள். அவ்வுழைப்புக்குக் கிடைத்தது பெரும்பாலும் களத்தில் அளந்த தவசமேயன்றிக் காசன்று. காசு கைக்கு வாராத தொழிலில் புதிய கருவி வாங்குவது எங்ஙனம்? தையற்பொறி நம் குடிசைகளுக்குக் காலந்தாழ்ந்து வந்தமைக்கு இதுவே முதற்காரணம் எனலாம்.

பொறி பிறந்த வரலாறு

அமெரிக்க நாட்டில் எலியாஸ் ஹோவ் 1846இலும், ஐசக் சிங்கர் 1851இலும் தையற்பொறிக்குக் காப்புரிமை பெற்றனர். செருப்பின் அடித்தோலை மேல்தோலோடு சேர்த்துத் தைக்கும் பொறிக்கு லைமன் பிளேக் என்பவர் 1858இல் உரிமை பெற்றார். அவ்வுரிமையை விலைக்கு வாங்கிய கார்டன் மெக்கே, தைக்கப்படும் ஒவ்வோர் இணைக்கும் இவ்வளவு கட்டணம் என்று கணக்கிட்டுப் பட்டறைகளுக்குப் பொறியை வாடகைக்கு விட்டார். ஜெர்மனியில் கேயார்க் பாஃப் 1862இல் உருவாக்கிய முதற் பொறியும் காலணித் தோல் தைப்பதற்கென்றே எழுந்ததாகும்.

இவ்வரலாற்றில் நாம் மறவாது போற்றத்தக்க பெயர் ஒன்றுண்டு. அது யான் மாட்செலிகர் என்பதாம். தென்னமெரிக்காவின் டச்சுக் கயானாவில் கறுப்பின அன்னைக்கு 1852இல் பிறந்த அவர், லின் நகரக் காலணித் தொழிற்சாலையில் கூலியாளாகச் சேர்ந்தார். மேல்தோலை அச்சுக்கட்டையின்மீது இழுத்துப் பிடித்து ஆணியடிக்கும் வேலை அந்நாளில் கைவினைஞரால் மட்டுமே இயலும் எனக் கருதப்பட்டது. தேர்ந்த தொழிலாளி ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 இணை முடிப்பார். மாட்செலிகர் இரவெல்லாம் உழைத்து அவ்வேலைக்கு ஒரு பொறி அமைத்து 1883இல் காப்புரிமை பெற்றார். அப்பொறி நாளொன்றுக்கு 150 முதல் 700 இணை வரை முடித்தது. ஆயினும் முதலில்லாமையால், தம் உரிமையில் மூன்றில் இரு பங்கை முதலீட்டாளர் இருவருக்கு அவர் முன்னரே ஈந்திருந்தார். காசநோய்க்கு ஆளாகி 1889இல், தம் 36ஆம் வயதில் மறைந்தார்.

1899இல் காலணிப் பொறி நிறுவனங்கள் பல இணைந்து 'யுனைடெட் ஷூ மெஷினரி' என்னும் ஒரே நிறுவனமாயின. அந்நிறுவனம் தன் முக்கியப் பொறிகளை விற்காது வாடகைக்கே விட்டது. பழுது பார்ப்பதும் அதன் ஆட்களே. இது தனியுரிமைக் கொள்ளை என வழக்கு எழுந்து, பொறிகளை விலைக்கும் தருதல் வேண்டும் என்று அமெரிக்க நீதிமன்றம் 1953இல் தீர்ப்பளித்தது. பொறி யாருடையது, அதனைத் திருத்தும் அறிவு யாரிடம் உள்ளது என்னும் இவ்விரு வினாக்களே தொழிலாளியின் வாழ்வை முடிவு செய்கின்றன என்பது இதனால் விளங்கும்.

நம் நாட்டில்

சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் 1903ஆம் ஆண்டளவில் குரோம் முறைத் தோல் பதனிடுதலைத் தொடங்கி, அத்தோலால் கவலைச் சால்களும் செய்வித்தார். அரசே தொழில் நடத்துவது தகாது என்னும் இலண்டன் கொள்கையால் 1910இல் அம்முயற்சி தனியார் கைக்குச் சென்றது. பாட்டா நிறுவனம் 1931இல் இந்தியாவில் கால்பதித்தபின் பொறியில் தைத்த காலணி சிற்றூர்ச் சந்தை வரை வந்தது. பின்னர் மின்சாரமும் பம்புசெட்டும் பரவக் கவலை ஓய்ந்தது. நம்மவரின் பழைய தொழிலும் ஓய்ந்தது. 1972இல் சீதாராமையா குழுவின் பரிந்துரைக்குப்பின் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பகுதிகளில் மேல்தோல் தைக்கும் ஆலைகள் பெருகின. நம் வட்டாரத்துக்கு அவ்வளம் எட்டவில்லை. மாறாக, நாமக்கல் லாரித் தொழில் இருக்கைக்கு ரெக்சின் தைக்கும் வேலையைத் தந்தது. அதற்கு வேண்டியதும் தடித்த தோலைத் தைக்கவல்ல அதே வகைப் பொறியே.

வாங்குமுன் அறிய வேண்டுவன

வீட்டுத் தையற்பொறி துணியை அடியிலுள்ள பற்களால் மட்டுமே நகர்த்தும். தோலை அதில் வைத்தால் அடித்தோல் முன்செல்ல மேல்தோல் பின்தங்கும், தையல் சீர்கெடும். ஆதலின் பாதமும் ஊசியும் தோலோடு சேர்ந்து நடக்கும் பொறியே ஏற்றது. செருப்புப் பழுது பார்ப்போர்க்குச் சிங்கர் 29கே வகை உகந்தது. அதன் ஒடுங்கிய கை காலணிக்குள் நுழையும். பாதம் எத்திசையிலும் திரும்பித் தோலை இழுக்கும். 'கே' என்பது ஸ்காட்லாந்தின் கில்போவி தொழிற்சாலையைக் குறிக்கும் எழுத்து. அத்தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டது. ஆகவே அங்கு வார்த்த உறுப்புகள் பழைய பொறிகளிலிருந்து கழற்றப்பட்டே கிடைக்கும். ஏனையவை பிறர் செய்த படிகளாம். இவ்வகையிலேயே சிறிய பாபின், பெரிய பாபின் என இரண்டுண்டு. ஒன்றின் சட்டில் மற்றொன்றுக்குப் பொருந்தாது. எனவே லூதியானா உறுப்பாயினும் சென்னைப் பெரியமேட்டில் வாங்கும் உறுப்பாயினும், பொறியின் எண்ணைக் குறித்துக்கொண்டும் பழைய உறுப்பைக் கையில் எடுத்துக்கொண்டும் செல்லுதல் நன்று.

பழம்பொறி வாங்குவோர் புதுப் பூச்சைக் கண்டு மயங்கலாகாது. சக்கரத்தைக் கையால் சுழற்றி எங்கேனும் இறுகுகிறதா என்று பார்த்தல் வேண்டும். ஊசித்தண்டு பக்கவாட்டில் ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்தல் வேண்டும். தாம் தைக்கப்போகும் தோலையே கொண்டுசென்று தைத்துப் பார்த்தல் வேண்டும். தையல் விட்டுப்போனால் முதலில் ஐயுற வேண்டுவது ஊசியையே. அது வளைந்ததா, அப்பொறிக்குரிய வகையா, முகம் மாறிப் பொருத்தப்பட்டதா, அதன் கண்ணில் நூல் தடையின்றி ஓடுகிறதா என நோக்க வேண்டும். பின்னரே காலப் பொருத்தத்தைச் சோதிக்க வேண்டும். ஊசி அடிமட்டம் தொட்டு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் எழும்போது நூல் வளையமாகும். அந்நொடியில் சட்டிலின் முனை அவ்வளையத்தைக் கவ்வுதல் வேண்டும். இதனை அறியாதார் நல்ல பொறியையும் கழிவு இரும்பாக விற்றுவிடுவர்.

தோல் தொழிலை விட்டொழிப்பதே விடுதலை என்பார் ஒரு சாரார். பிறப்பைக் காட்டிச் சுமத்தப்பட்ட எதனையும் உதறும் உரிமை நம் மக்களுக்கு உண்டு. எனினும் பொறியைத் திருத்தும் அறிவு எச்சாதியின் சுமையுமன்று, அது கல்வி. ஊசி உறையிலுள்ள எண்ணைப் படிக்கவும், விளக்க நூலின் படத்தைப் புரிந்துகொள்ளவும், கடன் பத்திரத்தின் வட்டியைக் கணக்கிடவும் எழுத்தறிவு வேண்டும். 1974இல் வீடமைப்புக்கெனத் தோன்றிப் பின்னர் தொழிற்கடனுக்கும் விரிந்த தாட்கோ போன்ற வாயில்களை அணுகவும் அதுவே வேண்டும். மாட்செலிகருக்கு அறிவிருந்தது, முதலில்லை. நம்மவர் பலர்க்கு இன்று கடனால் பொறி கிட்டினும் அதனைத் திருத்தும் அறிவு கிட்டவில்லை. ஆகவே சில குடும்பங்கள் கூடி உதிரி உறுப்புகளைப் பொதுவில் வாங்கி வைப்பதும், பள்ளி முடித்த இளைஞர் ஓரிருவரைப் பழுது நீக்கும் தொழிலில் பயிற்றுவிப்பதும் நம் கழகம் மேற்கொள்ளத்தக்க பணிகளாம்.