ஊமைத்துரையின் உள்ளங்கையும் நடுவரின் மேஜையும்

1801ஆம் ஆண்டு பாஞ்சாலங்குறிச்சியில் கும்பினிப் படையோடு நின்று சண்டை போட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி, பின்னாளில் தன் ராணுவ நினைவுகளைப் புத்தகமாக எழுதினார். 1830இல் லண்டனில் வெளிவந்த அந்தப் புத்தகத்தில் எதிரியான ஊமைத்துரையைப் பற்றி ஒரு சித்திரம் இருக்கிறது. மெலிந்த உடம்பு, பேச்சு வராது. ஆனால் அவர் கையசைத்தால் ஊரே அசையும். தன் ஆட்களுக்குத் தாக்குதல் திட்டத்தை விளக்கும்போது சின்னச் சின்ன வைக்கோல் துண்டுகளை இடது உள்ளங்கையில் அடுக்குவாராம். அதுதான் ஆங்கிலேயர் படை. பிறகு வாயால் 'உஸ்' என்று ஒரு சத்தம், வலது கையால் ஒரே வீச்சு. வைக்கோல் அத்தனையும் கீழே. அதுதான் உத்தரவு.

வீரகாவியமாகப் படித்தால் இது ஒரு நல்ல காட்சி, அவ்வளவுதான். எனக்கு இது வேறு மாதிரி கண்ணில் பட்டது. நான் வார இறுதிகளில் நண்பர்களுக்கு டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் நடத்துகிறவன். மேஜையைச் சுற்றி நாலைந்து பேர், ஆளுக்கொரு கதாபாத்திரம். உலகத்தை உருவாக்கி, 'இப்போது உன் முன்னால் இது நடக்கிறது, நீ என்ன செய்வாய்?' என்று கேட்பவர் ஒருவர். ஆங்கிலத்தில் அவரை கேம் மாஸ்டர் என்பார்கள், நான் நடுவர் என்கிறேன். படைக்குப் பதிலாக வைக்கோல் வைத்து யோசித்த அந்த உள்ளங்கை இந்த விளையாட்டின் வரலாற்றுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது.

அந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

போரை மேஜைமேல் ஆடுவது நமக்குப் புதிதல்ல, சதுரங்கம் இங்கிருந்து போனதுதான். ஆனால் சதுரங்கத்தில் ஒளிவுமறைவே கிடையாது. எதிராளியின் குதிரை எங்கே நிற்கிறது என்பது எனக்கும் தெரியும், வேடிக்கை பார்ப்பவருக்கும் தெரியும். நிஜப் போரில் அப்படியா? 1812இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்யர் தன் மன்னருக்கு நிலப்பரப்பை மாதிரிக் கட்டைகளாக அடுக்கி விளையாடும் ஒரு மேஜையைச் செய்து கொடுத்தார். பீரங்கிப்படை அதிகாரியான அவர் மகன் 1824இல் அதை மேம்படுத்தி 'கிரீக்ஸ்பீல்' என்ற பெயரில் விதிப்புத்தகமாக வெளியிட்டார். அதில் முக்கியமான ஆள் நடுவர். இரு தரப்பும் உத்தரவுகளை அவரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். முழு வரைபடமும் அவருக்கு மட்டுமே தெரியும். 'உன் ஆட்கள் நிற்கிற இடத்திலிருந்து என்ன தெரியுமோ அதை மட்டும்தான் உனக்குச் சொல்வேன்' என்பதுதான் அவருடைய வேலை. பகடை இருந்தது, சேதக் கணக்கு இருந்தது. ஆனாலும் உண்மையான கண்டுபிடிப்பு அந்த மறைப்புதான்.

என் தொழிலில் இதைப் பர்மிஷன் என்போம். எந்தப் பயனருக்கு எதைப் பார்க்க உரிமை உண்டு என்று வரையறுப்பது. இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பீரங்கிக்காரர் அதைப் போருக்குச் செய்திருக்கிறார்.

அடுத்த பெரிய திருப்பம் 1969இல் அமெரிக்காவில். டேவிட் வெஸ்லி என்ற இளைஞர், நெப்போலியன் காலத்துப் போர் ஒன்றை நண்பர்களுக்கு நடத்தினார். இடம் 'பிரவுன்ஸ்டைன்' என்ற கற்பனை ஊர். படைத்தளபதிகளோடு நிறுத்தாமல் ஊருக்குள் இருப்பவர்களையும் கதாபாத்திரமாக்கினார், மேயர், வங்கிக்காரர், மாணவர் தலைவர் என்று. ஆட்டம் அவர் கையை விட்டுப் போய்விட்டது. படை மோதுவதற்கு முன்னால் ஆளாளுக்கு மூலையில் ஒதுங்கிப் பேரம் பேச ஆரம்பித்துவிட்டார்கள். சொதப்பிவிட்டது என்று வெஸ்லி நினைத்தார், ஆடியவர்களோ இன்னொன்று வேண்டும் என்றார்கள். அவர்களில் ஒருவரான டேவ் ஆர்னெசன் அந்த யோசனையைப் பிடித்துக்கொண்டு 'பிளாக்மூர்' என்ற உலகத்தைக் கட்டினார். பிறகு அவரும் கேரி கைகாக்ஸும் சேர்ந்து 1974இல் வெளியிட்டதுதான் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. இன்று உலகம் முழுக்க ஆடப்படும் இந்த வகை விளையாட்டுகள் அதன் பிள்ளை, பேரப்பிள்ளைகள்தான்.

பிரவுன்ஸ்டைன் கற்பனை ஊர். நெப்போலியன் காலத்திலேயே, படை ஊரை நெருங்க, ஊருக்குள் ஆளாளுக்குக் கணக்குப் போட்ட நிஜமான ஊர் ஒன்று நம்மிடமே இருக்கிறது. ஒட்டப்பிடாரத்துக்குப் பக்கத்தில், கரிசல் காட்டில்.

பாஞ்சாலங்குறிச்சியை ஆட்டமாக நடத்தலாம் என்று சொன்னதும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி: "முடிவுதான் தெரியுமே, இதுல விளையாட என்ன இருக்கு?" நியாயமான கேள்விதான். 1799 செப்டம்பர் 5 பானர்மேன் கோட்டையைத் தாக்குகிறார், அக்டோபர் 16 கட்டபொம்மனுக்குக் கயத்தாறில் தூக்கு. 1959இல் வந்த சிவாஜி படம் அதை ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. கதைப்பாடல், கூத்து, சினிமா எல்லாமே முடிவைத் தெரிந்துகொண்டு தொடங்குகின்றன. அதனால் முதல் காட்சியிலேயே வீரன் வீரனாகவும் துரோகி துரோகியாகவும் வந்து நின்றுவிடுகிறார்கள்.

நான் எடுத்துக்கொண்டது அதற்கு அடுத்த கட்டத்தை. 1801 பிப்ரவரி 2, மாலை.

அன்று பாளையங்கோட்டையில் மேஜர் மெக்காலே வீட்டில் விருந்து. சுற்றுவட்டாரத்து வெள்ளைக்காரர்கள் பலரும் அங்கேதான். படை முகாமிட்டிருப்பதோ 50 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, சங்கரன்கோவிலில். அந்த நேரத்தில் கோட்டைக்குள் அடைபட்டிருந்த ஊமைத்துரையும் மற்றவர்களும் காவலர்களை மடக்கித் தப்பிக்கிறார்கள். பாஞ்சாலங்குறிச்சி அங்கிருந்து நேர்கோட்டிலேயே ஏறக்குறைய 40 கிலோமீட்டர். ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டம். பிப்ரவரி 9 கும்பினிப் படை வந்து பார்த்தால், 1799இல் தரைமட்டமாக்கப்பட்ட கோட்டை எழுந்து நிற்கிறது! ஒரு வாரத்துக்குள். படை மறுநாளே பின்வாங்கியது. மார்ச் 31 நடந்த பெரிய தாக்குதலும் பலத்த சேதத்தோடு தோற்றது. கர்னல் அக்னியூ தலைமையில் கூடுதல் படையும் பீரங்கிகளும் வந்த பிறகுதான், மே 24 கோட்டை விழுந்தது.

பிப்ரவரி 2க்கும் மே 24க்கும் நடுவில் கிட்டத்தட்ட நாலு மாதம். அந்த நாலு மாதமும் அங்கே இருந்த எவருக்கும் முடிவு தெரியாது. என் ஆட்டம் நடப்பது அதற்குள்தான்.

உலகத்தை எப்படிக் கட்டுவது? கற்பனை உலகம் கட்டுகிறவர்கள் வழக்கமாக மன்னர் வம்சாவளியில் தொடங்குவார்கள். மேஜையில் அது உதவாது. ஆடுபவர் கேட்கப்போவது வம்சாவளியை அல்ல. "எவ்வளவு தூரம்? நடந்தா எப்ப போய்ச் சேருவேன்? வழியில தண்ணி கிடைக்குமா?" இப்படித்தான் கேட்பார்கள். அதற்குப் பதில் தேடப் போனால் வரலாறு வேறு மாதிரி விரிகிறது.

முதலில் மண். மழைக்காலத்தில் கரிசலில் நடந்தவர்களுக்குத் தெரியும், செருப்போடு ஒரு கிலோ மண்ணும் சேர்ந்து வரும். வண்டிச் சக்கரம் புதையும், பீரங்கி நகராது. ஐப்பசி, கார்த்திகை மழையெல்லாம் முடிந்து பிப்ரவரியில் தரை இறுகத் தொடங்கும். கண்மாயில் இன்னும் தண்ணீர் இருக்கும். மே மாதம் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், தண்ணீர்தான் இருக்காது. ஒரே ஊர், ஆட்டத்தின் தொடக்கத்தில் ஒரு உலகம், முடிவில் வேறு உலகம்.

கோட்டையும் அதே மண்தான். ஏறக்குறைய 500 அடி நீளம், 300 அடி அகலம், சுற்றிலும் முள்வேலி. இன்று நாம் போய்ப் பார்க்கிற கோட்டை 1974இல் தமிழக அரசு கட்டிய நினைவுச் சின்னம், அதை மனதிலிருந்து கழற்றி வைத்துவிட வேண்டும். மண் கோட்டை என்றதும் பலவீனம் என்று தோன்றும். ஆனால் கல் சுவரில் குண்டு பட்டால் கல் சிதறும், பிசுபிசுப்பான மண் சுவரோ குண்டை உள்ளே வாங்கிக்கொள்ளும். ராத்திரி கூடையில் மண் அள்ளி ஓட்டையை அடைத்தும் விடலாம். ஒரு வாரத்தில் கோட்டை எழுந்ததற்கு ஆட்களின் வேகம் ஒரு காரணம் என்றால், வேண்டிய பொருள் காலடியிலேயே கிடந்தது இன்னொரு காரணம்.

பிறகு பணம். பாளையக்காரர் வெறும் குறுநில மன்னர் அல்ல, காவல்காரரும்கூட. ஊர்களுக்குக் காவல் தருவதற்காகக் காவல் வரி வாங்கும் உரிமை அவருக்கு உண்டு. 1792 ஒப்பந்தத்தால் பாளையங்களிலிருந்து கப்பம் வசூலிக்கும் உரிமை ஆற்காட்டு நவாபிடமிருந்து கும்பினிக்குப் போனது. அப்படியென்றால், ஆட்டத்தில் ஒரு சாதாரண விவசாயி பாத்திரத்துக்கு ஊமைத்துரை என்பவர் யார்? நம்ம ஆள், நம்ம ஊரைக் காப்பவர், நம்மிடம் வரி வாங்குபவர். மூன்றும்தான்.

கடைசியாகச் செய்தி. நான் மெனக்கெட்டது இதில்தான். ஆட்டத்தில் ஆறு பாத்திரங்கள், ஆளுக்கொரு சீட்டு. கோட்டைக்கு மண் சுமக்கும் பெண், காவல்காரர், கும்பினிச் சிப்பாய், துபாஷி, தூத்துக்குடிக்குப் பஞ்சு ஏற்றும் வண்டிக்காரர், எட்டயபுரம் அரண்மனைக் கணக்குப்பிள்ளை. ஒவ்வொரு சீட்டிலும் மூன்றே வரி: நீ கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, பயப்படுவது. வண்டிக்காரருக்குத் தெரிந்தது சிப்பாய்க்குத் தெரியாது. ஒருவர் இன்னொருவரைச் சந்தித்துச் சொன்னால்தான் தெரியும். சொல்வது உண்மையா என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

கட்டபொம்மனையும் ஊமைத்துரையையும் யாருக்கும் பாத்திரமாகக் கொடுப்பதில்லை. தூக்குமேடையை மேஜைக்குக் கொண்டுவருவதும் இல்லை. அந்த மண்ணில் உயிர் விட்டவர்கள் நிஜ மனிதர்கள், இன்றும் அவர்களைத் தங்கள் முன்னோர் என்று கும்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சாவைப் பகடை உருட்டித் தீர்மானிக்க எனக்கு மனசு வரவில்லை.

கணக்குப்பிள்ளை சீட்டுதான் எப்போதும் கடைசிவரை மேஜையிலேயே கிடக்கும். காரணம் உங்களுக்கே தெரியும். தமிழில் 'எட்டப்பன்' என்பது இப்போது பெயரே இல்லை, வசவு. அலுவலகத்தில் யாராவது மேலதிகாரியிடம் போட்டுக்கொடுத்தால் சொல்கிற வார்த்தை. உண்மையில் எட்டப்பன் என்பது எட்டயபுரத்து ஆட்சியாளர்கள் வழிவழியாகச் சூடிவந்த பட்டப்பெயர், தனி ஒரு ஆளின் பெயரல்ல. இரண்டு பாளையங்களுக்கும் எல்லைத் தகராறு ஏற்கெனவே இருந்தது. 1799 அக்டோபரில் மற்ற பாளையக்காரர்களைக் கயத்தாறுக்கு வரவழைத்து, அவர்கள் கண்ணெதிரேதான் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். அதற்குப் பதினாறு மாதம் கழித்து ஊமைத்துரை தப்பித்த செய்தி எட்டயபுரத்துக்கு வருகிறது. கணக்குப்பிள்ளையின் சீட்டில் இருப்பது இவ்வளவுதான்.

அந்தச் சீட்டை எடுத்து ஆடியவர்கள் பெரும்பாலும் கும்பினிப் பக்கமே சாய்கிறார்கள். ஒருமுறை ஆடிய நண்பர், கோட்டை எழும்பிய செய்தி வந்ததும் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இந்த எடத்துல நான் என்ன பண்ணியிருப்பேன்னு நிஜமாவே தெரியலைடா" என்றார். எட்டயபுரம் செய்தது சரி என்று இதற்கு அர்த்தம் இல்லை. கும்பினியோடு நின்றார்கள், தோற்ற பாளையத்தின் நிலத்தில் பங்கும் வாங்கினார்கள். அந்தக் கணக்கு அப்படியே இருக்கட்டும். ஆனால் துரோகம் என்பது ஒரு பாளையத்துக்காரரின் ரத்தத்தில் இருந்தது என்று நம்பிவிட்டால், அது நம் வீட்டுக்குள் வரவே வராது என்று நிம்மதியாகத் தூங்கலாம். பயமும் பழைய பகையும் நியாயமான கணக்கும் சேர்ந்தால் போதும் என்று தெரிந்தால் தூக்கம் கொஞ்சம் கெடும்.

இதே வெளிச்சத்தில் இந்தப் பக்கத்தைப் பார்த்தால், வீரமும் பெரிதாகத்தான் தெரிகிறது. கயத்தாறு எல்லோருக்கும் தெரிந்த பிறகும், ஒரு வாரம் மண் சுமக்க அத்தனை பேர் வந்திருக்கிறார்கள். கதைப்பாடல்காரர் முடிவு தெரிந்து பாடினார். அவர்களுக்கு முடிவு தெரியாது, ஆனால் என்ன விலை என்று தெரிந்திருந்தது.

வெல்ஷ் இன்னொரு சம்பவமும் எழுதியிருக்கிறார். கோட்டை விழுந்த நாளில் ஒரு தாய், விழுந்து கிடப்பவர்களுக்கு நடுவே தன் மகனைத் தேடிப் போகிறாள். குற்றுயிராகக் கிடந்த மகன், என்னை விட்டுவிடு, பக்கத்தில் கிடக்கும் சாமியைக் காப்பாற்று என்கிறான். சாமி என்றது ஊமைத்துரையை. பெண்கள் அவரைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் போகிறார்கள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்ததும் உடம்பைத் துணியால் மூடி, அம்மை போட்டுச் செத்துப்போனான் என்று ஒப்பாரி வைக்கிறார்கள். வந்தவர்கள் அலறிக்கொண்டு ஓடிவிட்டார்களாம். ஊமைத்துரை பிழைத்துச் சிவகங்கைக்குப் போய் மருது சகோதரர்களோடு சேர்ந்தார். அதனால்தான் 1801ஆம் ஆண்டுப் போர் இன்னும் சில மாதம் நீண்டது. பிடிபட்ட பின், நவம்பர் 16 அவரைப் பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிட்டார்கள்.

அந்தத் தாயின் பெயரை வெல்ஷ் எழுதவில்லை. மகனா, மகன் கைகாட்டிய ஆளா என்று போர்க்களத்தில் நின்று முடிவெடுத்தவள் அவள். பெரிய பெயர்களை எடுத்து வைத்துவிட்டு நான் மேஜையில் கொடுக்கிற ஆறு சீட்டுகளும் அவளைப் போன்றவர்களுக்கானவை.