நிலமில்லாத வளர்ச்சி
ஜப்பான், தென்கொரியா, தைவான் வளர்ந்த கதையைத் தொழிற்சாலையிலிருந்து தொடங்குகிறார்கள். அதற்கு முன்பே, 1946க்கும் 1953க்கும் இடையில், அங்கே சட்டம் போட்டுக் குத்தகை விவசாயிகளுக்கு நிலத்தைச் சொந்தமாக்கினார்கள்.

நமக்கும் 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்கினார்கள். பிற சாதியினருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனை இருந்தும் பெரும்பகுதி கைமாறிப் போனது. 1961இன் நில உச்சவரம்புச் சட்டமும் நம்மை நிலமற்ற கூலிகளாகவே விட்டுவைத்தது.

தருமபுரியில் நம் மக்கள் பெங்களூருக்குப் போய்க் கூலி வேலை பார்த்துத்தான் வீடு கட்டினார்கள். 2012 நவம்பர் 7 அன்று ஒரு காதல் திருமணத்தைச் சாக்காக வைத்து நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டியில் அந்த வீடுகளைச் சூறையாடிக் கொளுத்தினார்கள்.

பல வருடக் கூலி ஒரே மாலையில் சாம்பலானது. நிலம் எரியாது, பறிபோன பஞ்சமி நிலத்துக்கும் அரசுப் பதிவேடு சாட்சி சொல்லும். அதை மீட்டுத் தருவதே நாம் கேட்கும் வளர்ச்சி.